கரையோர நெடும்பயணத்தில் நிதி திரட்டுதல்: நடையா, சைக்கிளா, கயாக்கா?

தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு நிதி திரட்டுவதற்காகக் கடற்கரையை ஒட்டி நெடுந்தூரம் செல்ல விரும்புபவர்களில் பலர், எதில் போவது என்பதை ஆசையின் பேரில் முதலிலேயே முடிவு செய்துவிட்டு, நாள், செலவு, பயிற்சி ஆகியவற்றை அந்த முடிவுக்கு ஏற்ப வளைக்கப் பார்க்கிறார்கள். இந்த வரிசையை மாற்றிப் போடுவது நல்லது. கையில் எத்தனை நாள் இருக்கிறது, புறப்படும் முன் பயிற்சிக்கு எவ்வளவு காலம் கிடைக்கும், பயணச் செலவை யார் ஏற்பது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால், நடை, சைக்கிள், கயாக் (துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகு) ஆகிய மூன்றில் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும். அந்த ஒன்று பெரும்பாலானவர்களுக்கு நடையாகவே இருக்கும் என்பது என் கருத்து. விடுப்பு குறைவாக உள்ளவருக்குச் சைக்கிள் பொருந்தும். கயாக்கோ, ஏற்கெனவே கடலில் துடுப்புப் போட்டுப் பழகியவருக்கு மட்டுமே உரியது. இப்படிச் சொல்வதற்கான காரணங்கள் ஒவ்வொரு முறையிலும் வேறுபடுவதால், அவற்றைத் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

நீச்சல், நின்றபடி துடுப்பிடும் பலகை, பாய்மரப் படகு ஆகியவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. 2018-ஆம் ஆண்டில் ராஸ் எட்ஜ்லி பிரிட்டன் தீவைச் சுற்றி 157 நாள்களில் நீந்தி முடித்தபோது, அவர் உண்பதும் உறங்குவதும் உடன் வந்த படகில்தான் நடந்தன. உப்பு நீர் அவருடைய நாக்கையே அரித்தது. அப்படியொரு படகையும் அதை ஓட்டும் ஆள்களையும் மாதக்கணக்கில் வைத்திருக்க இயலாத ஒருவர் அந்த வழியைப் பற்றி யோசிப்பதில் பயனில்லை.

கரையின் நீளம்

உள்நாட்டுப் பாதையில் பழகியவர்கள் கடலோரப் பாதையைச் சமதளம் என்று எண்ணிவிடுகிறார்கள். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரப் பாதை 1,014 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் ஏற்றங்களை மட்டும் கூட்டினால் சுமார் 35,000 மீட்டர் வருகிறது, அதாவது எவரெஸ்ட்டின் உயரத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. ஓடைகள் கடலில் சேரும் இடந்தோறும் பாதை நீர்மட்டம் வரை இறங்கி, மறுபுறம் மீண்டும் பாறை உச்சிக்கு ஏறுவதே இதற்குக் காரணம். வரைபடத்தில் விரல் வைத்து அளந்த தூரத்தைக் கொண்டு நாள் கணக்குப் போட்டால், முதல் வாரத்திலேயே அட்டவணை குலைந்துவிடும்.

அடுத்த தடை கழிமுகங்கள். ஆற்றின் எதிர்க்கரை கண்ணெதிரே தெரியும். ஆனால் பாலம் உள்ளே வெகுதூரத்தில் இருக்கும். சில இடங்களில் படகுப் போக்குவரத்து இருக்கும், அதுவும் பருவத்தைப் பொறுத்தது. மேற்சொன்ன பாதையிலேயே எர்ம் என்ற ஆற்றைக் கடக்கப் படகும் இல்லை. கடல்நீர் வடியும் வற்றம் முழுமையடையும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்புமாகக் கிடைக்கும் இடைவெளியில் நீரில் இறங்கி நடந்துதான் கடக்க வேண்டும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த வற்றத்துக்குச் சுமார் 12 மணி 25 நிமிடம் காத்திருக்க வேண்டும், அல்லது சாலை வழியாகச் சுற்றிப் போக வேண்டும். கடல்நீரின் ஏற்றமும் வற்றமும் நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போவதால், இன்று காலை ஒன்பது மணிக்கு வசதியாக இருந்த கடவை ஒரு வாரம் கழித்துப் பிற்பகலில்தான் திறக்கும். ஆகவே கடலோரப் பயணி எவராயினும், தான் போகும் நாள்களுக்குரிய ஓத அட்டவணையை, அதாவது ஏற்ற-வற்ற நேரப் பட்டியலைப் புறப்படுவதற்கு முன்பே பாதைத் திட்டத்துடன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். சைக்கிளில் செல்பவருக்கு மட்டுமே, பாலங்கள் வழியாகச் செல்வதால், இந்தக் கவலை ஓரளவு குறைகிறது.

நடை

நடையின் முதல் நன்மை, தேவையான திறன் ஏற்கெனவே கைவசம் இருப்பது. வளர்க்க வேண்டியது தாங்கும் ஆற்றலை மட்டுமே. முதுகுப்பையுடன் நாளொன்றுக்கு 20 முதல் 25 கிலோமீட்டர், வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்று வைத்தால், 1,000 கிலோமீட்டருக்கு ஏழெட்டு வாரம் ஆகும். இவ்வளவு நீண்ட விடுப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பதே நடையின் பெரிய குறை. ஆயினும் நிதி திரட்டுபவருக்கு அந்த நீளம் வேறு வகையில் உதவுகிறது. நடப்பவரைத் தேநீர்க் கடையில் நிறுத்திப் பேசலாம், பள்ளி வாசலில் அழைத்துப் பேசவைக்கலாம், ஒரு காலை வேளையில் கூடவே ஐந்து கிலோமீட்டர் நடந்து பார்க்கலாம். பணம் கொடுப்பவர்களில் பலர் தூரத்தைவிட மனிதரைப் பார்த்தே கொடுக்கிறார்கள். நடையில்தான் அந்தச் சந்திப்புக்கு அதிக நேரம் கிடைக்கிறது.

அடுத்து வருவது பாதம். நெடுநடையில் தோற்பவர்களில் பலர் மூச்சு வாங்கித் தோற்பதில்லை, குதிகாலில் தோன்றிய ஒரு கொப்புளத்தால் தோற்கிறார்கள். கடலோரத்தில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. மணல் காலணிக்குள் நுழைந்து காலுறையின் இழைகளில் தங்கிவிடுகிறது; அலை நனைத்த காலுறை உலரும்போது உப்புத் துகள்களும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன. ஈரத்தில் ஊறி மென்மையான தோலின் மேல் இந்த இரண்டும் மணிக்கணக்கில் உராய்கின்றன. முதல் அறிகுறி வலி அன்று, ஓரிடத்தில் மட்டும் தோன்றும் சூடு. அந்தச் சூட்டை உணர்ந்த உடனேயே, அடுத்த ஊர் வரட்டும் என்று தள்ளிப்போடாமல், பாறை ஒன்றில் உட்கார்ந்து காலணியைக் கழற்ற வேண்டும். குடிநீரில் சிறிது செலவழித்துப் பாதத்தை அலம்பி, விரல் இடுக்குகள் வரை துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு ஒட்டுப்பட்டையை ஓரங்கள் வட்டமாக வெட்டி ஒட்டி, மாற்றுக் காலுறையை அணிந்துகொண்டு நடந்தால், பெரும்பாலும் அந்த இடம் கொப்புளமாக மாறாது. இந்தப் பத்து நிமிடத்தைச் செலவிட மனமில்லாதவர்கள் பிறகு இரண்டு மூன்று நாள்களை இழக்கிறார்கள்.

நாள் முழுவதும் நடந்தால் பாதம் வீங்கும் என்பதால், வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிய காலணியை மாலை வேளையில் போட்டுப் பார்த்து வாங்குவது வழக்கம். அதை வீட்டுக்கு அருகிலேயே நூறு கிலோமீட்டராவது நடந்து பழக்கிவிட வேண்டும். கடற்கரை நீரை நோக்கிச் சரிந்திருப்பதால், ஒரே திசையில் மணலில் நடப்பவரின் ஒரு கால் எப்போதும் தாழ்ந்த பக்கத்திலேயே ஊன்றும். இடுப்பிலும் முழங்காலின் வெளிப்புறத்திலும் தோன்றும் வலிக்குப் பல நேரங்களில் இதுவே மூலம். அலை தொட்டுப்போன ஈர மணலில் நடப்பது எளிது. ஆனால் அந்த இறுகிய பட்டை ஏற்ற நேரத்தில் மறைந்துவிடும். பாறைகள் சூழ்ந்த சிறு கரைகளில் அது மறைவதோடு திரும்பும் வழியும் அடைபட்டுவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பயிற்சிக்கு நான்கிலிருந்து ஆறு மாதம் போதுமானது. ஒரே நாளில் அதிக தூரம் நடந்து பெருமைப்படுவதைவிட, சுமையுடன் இரண்டு அல்லது மூன்று நாள்கள் தொடர்ந்து நடப்பதே உண்மை நிலையைக் காட்டும், ஏனெனில் இரண்டாம் நாள் காலையில் எழுந்து நிற்கும்போதுதான் உடல் தன் குறைகளைச் சொல்கிறது. சுமை, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள்; நீரையும் சேர்த்து எடை போட்டுப் பார்த்தால் அந்த எல்லையைப் பலர் முதல் முயற்சியிலேயே தாண்டியிருப்பார்கள்.

சைக்கிள்

நாளுக்கு 70 முதல் 100 கிலோமீட்டர் என்பது ஓரளவு பயிற்சி உள்ளவருக்கு இயலும் வேகம். 1,000 கிலோமீட்டர் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். வழக்கமான ஆண்டு விடுப்புக்குள் அடங்கும் முறை இது ஒன்றே. மூன்று நான்கு மாதப் பயிற்சி போதும். சுமையின் எடை முதுகை விட்டு வண்டிக்குப் போய்விடுகிறது.

கடலோரத்தில் சைக்கிளின் எதிரி காற்று. காற்றின் தடை, காற்றுக்கு எதிரான வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், அதே 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று வீசும்போதும் தன் வேகத்தைக் குறைக்காமல் போக நினைத்தால், நான்கு மடங்கு தடையைத் தள்ள வேண்டியிருக்கும். பெரும்பாலானவர்களால் நாள் முழுவதும் அது முடியாது என்பதால், 90 கிலோமீட்டர் என்று குறித்துவைத்த நாள் 50-இல் நின்றுவிடுகிறது. இதற்கு எளிய மருந்து, அந்தப் பருவத்தில் அந்தக் கரையில் பெரும்பாலும் எந்தத் திசையிலிருந்து காற்று வீசுகிறது என்று பார்த்துவிட்டு, பயணத்தின் தொடக்க முனையையும் முடிவு முனையையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்வதுதான். விளம்பரத்துக்கு அழகாக இருக்கும் என்று வடக்கிலிருந்து தெற்கு என அறிவித்துவிட்டு, தெற்குக் காற்றில் திண்டாடுபவர்களைப் பார்க்கும்போது, இந்த ஒரு விசாரிப்பைச் செய்திருக்கலாமே என்று தோன்றும்.

உப்புக் காற்று செயினையும் கியர்க் கம்பிகளையும் விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். மாலையில் நல்ல நீரால் மெதுவாகக் கழுவி, துடைத்து, எண்ணெய் இட வேண்டும். நீரைப் பீய்ச்சி அடித்தால் உப்பு பேரிங்குகளுக்குள் போய்விடும். பஞ்சர் ஒட்டுவதையும் செயின் இணைப்பை மாற்றுவதையும் கடைக்காரரின் உதவியின்றிச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

எனினும் நிதி திரட்டும் நோக்கில் சைக்கிளை நான் இரண்டாம் இடத்தில் வைப்பதற்குக் காற்றும் துருவும் காரணமல்ல. சாலைகள் பல இடங்களில் கரையை விட்டு உள்நாட்டுக்குள் போய்விடுகின்றன. கரையோரப் பயணம் என்று சொல்லி நன்கொடை கேட்டவர், பாதி நாள்கள் லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலை ஓரத்தில் ஓட்ட வேண்டியிருக்கும். அது ஆபத்தும்கூட. மேலும், பயணம் பன்னிரண்டு நாளில் முடிந்துவிட்டால், செய்தி ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்குப் போய்ச் சேருவதற்குள் ஓட்டுபவர் வீடு திரும்பியிருப்பார். சைக்கிளைத் தேர்ந்தெடுப்பவர், புறப்படுவதற்கு ஆறு வாரத்துக்கு முன்பே நன்கொடை கேட்கத் தொடங்கினால்தான் இந்தக் குறையை ஈடுகட்ட முடியும்.

கயாக்

மூன்றிலும் மனத்தை அதிகம் கவர்வது இதுவே. கடலோரப் பயணம் என்ற பெயருக்கு முழுமையாகப் பொருந்துவதும் இதுவே. செய்தியாளர்களும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். நடப்பவருக்கு உள்ளூர்ச் செய்தித்தாளில் நான்கு வரி கிடைக்கும் இடத்தில், கயாக்கில் வருபவருக்குப் படத்துடன் அரைப் பக்கம் கிடைக்கலாம். ஆனால் கடலில் இருக்கும் நேரத்தில் அவரைப் பார்ப்பவர் யாருமில்லை. மாலையில் கரையேறும்போது பேசும் தெம்பும் இருக்காது.

சுமை ஏற்றிய கடல் கயாக்கின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 கிலோமீட்டர், அதாவது மணிக்கு மூன்று நாட்டிக்கல் மைலை ஒட்டியது (ஒரு நாட்டிக்கல் மைல் சுமார் 1.85 கிலோமீட்டர்). ஒரு முனையைச் சுற்றி ஓடும் நீரோட்டம் மணிக்கு இரண்டு நாட்டிக்கல் மைல் வேகமுடையது என்றால், அதற்கு எதிராகத் துடுப்பிடுபவர் ஒரு மணி நேரத்தில் இரண்டு கிலோமீட்டர்கூட முன்னேற மாட்டார். அதனுடன் சேர்ந்து போனால் ஒன்பது கிலோமீட்டரைக் கடப்பார். வற்றத்திலிருந்து ஏற்றத்துக்குச் செல்லும் ஆறு மணி நேரத்தில், நீரின் பாதியளவு நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் நகர்கிறது என்பது கடலோடிகள் கைக்கணக்காகப் பயன்படுத்தும் விதி. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் இந்த ஓட்டம் இன்னும் வலுக்கும். எனவே கயாக்கரின் நாள் எப்போது தொடங்கும், எங்கே முடியும் என்பதை அவருடைய விருப்பம் முடிவு செய்வதில்லை. காலை நான்கு மணிக்குக் கூடாரத்தைச் சுருட்ட வேண்டியிருக்கலாம், நண்பகலில் காத்திருக்க வேண்டியிருக்கலாம். இன்ன ஊரில் இன்ன நாள் மாலை ஐந்து மணிக்கு வரவேற்பு என்று தொண்டு நிறுவனம் அச்சடித்துவிட்டால், அந்த அழைப்பிதழே, போகக்கூடாத நாளில் கடலில் இறங்கும்படி அவரை நெருக்கும். கயாக் பயணத்தில் தேதியிட்ட நிகழ்ச்சி எதையும் ஏற்கக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

காற்றைப் பொறுத்தவரை, மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர் வேகமுடைய, காற்றின் வலுவைக் குறிக்கும் போஃபர்ட் அளவில் நான்காம் எண்ணுக்குரிய காற்று, திறந்த கடலில் வெண்நுரை அலைகளைப் பரவலாக எழுப்பத் தொடங்கிவிடும். நடப்பவருக்கு அது இதமான காற்று, கயாக்கில் புதியவருக்கு அது திரும்ப வேண்டிய எல்லை. இதைவிட ஏமாற்றுவது நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும் காற்று. கரையில் நின்று பார்த்தால் நீர் கண்ணாடி போல இருக்கும், ஏனெனில் அலை வளரத் தேவையான தூரம் கரையருகே கிடைப்பதில்லை. அரை கிலோமீட்டர் உள்ளே போன பிறகுதான் அலை எழுவதும், திரும்ப முயலும்போது படகு வெளிநோக்கித் தள்ளப்படுவதும் தெரியவரும்.

இறங்குமிடம் அடுத்த கேள்வி. 2009-இல் 332 நாள்களில் ஆஸ்திரேலியாவைக் கயாக்கில் சுற்றிவந்த ஃப்ரெயா ஹோஃப்மைஸ்டர், நூறு கிலோமீட்டருக்கும் மேல் இடைவிடாது நீளும் செங்குத்துப் பாறைக் கரைகளை, இறங்கவே வழியில்லாததால், இரவும் பகலுமாகக் கடக்க வேண்டியிருந்தது. அந்நாட்டின் வடக்கிலுள்ள கார்ப்பென்டேரியா வளைகுடாவை அவர் குறுக்கே கடந்தபோது படகிலேயே உறங்கினார். அவர் அளவுக்குப் போகாதவர்களும், ஒவ்வொரு நாளின் பாதையிலும் பத்து கிலோமீட்டருக்கு ஒரு முறையாவது எந்தக் காற்றிலும் ஒதுங்கக்கூடிய இடம் இருக்கிறதா என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். மணற்கரை தெரிவது போதாது. அலை உடையும் கரையில், முன்னால் போன அலையின் முதுகைத் தொடர்ந்து துடுப்பிட்டு, பின்னால் வரும் அலை தூக்குவதற்குள் கரையைத் தொட வேண்டும். சற்றுத் தாமதித்தால் பின்முனை தூக்கப்பட்டு, படகு பக்கவாட்டில் திரும்பி, உள்ளே இருப்பவரை மணலில் கவிழ்க்கும். கவிழ்ந்தவர் படகுக்கும் கரைக்கும் நடுவில் நிற்கவே கூடாது. நீர் நிரம்பிய கயாக் சில நூறு கிலோ எடையுடன் அடுத்த அலையில் அவர் முழங்காலை நோக்கி வரும்.

நீர் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால், விழுந்த முதல் நிமிடங்களில் மூச்சு கட்டுக்கடங்காமல் இழுக்கும். அந்த நேரத்தில் நீந்த முயலாமல் மிதந்துகொண்டு மூச்சை நிலைப்படுத்துவதே உயிர் காக்கும். உயிர்காப்பு மேலாடை படகில் கட்டப்பட்டிருந்தால் அதனால் பயனில்லை, உடலில் இருக்க வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குக் குறிப்பு அனுப்பும் தனிநபர் அபாயக் கருவிக்கும் இதே விதி பொருந்தும். கவிழ்ந்தவுடன் ஆளும் படகும் பிரிவது சாதாரணம், கருவி படகோடு போய்விட்டால் மீட்பவர்கள் வெற்றுப் படகைத்தான் கண்டெடுப்பார்கள். கைப்பேசியை மட்டும் நம்புபவர்கள், நனைந்த விரலால் திரையைத் தொட்டு அழைக்க முடிகிறதா என்று வீட்டுக் குழாயடியில் ஒரு முறை சோதித்துப் பார்க்கலாம். படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் வானொலியும் அபாய அழைப்புக்குரிய அதன் 16-ஆம் அலைவரிசையும் இருக்கும் இடத்தில் அருகிலுள்ள படகுகளும் அந்த அழைப்பைக் கேட்கும்.

இவற்றையெல்லாம் வாங்கிவிடலாம், கவிழ்ந்த படகில் தானே மீண்டும் ஏறும் திறனை வாங்க முடியாது. ஏரியில் கற்ற மீட்பு முறை அலையில் கைகொடுக்காது. புதிதாகத் தொடங்குபவர், அனுபவமுள்ள குழுவுடன் இரண்டு பருவங்களாவது கடலில் பழகிய பிறகே நெடும்பயணத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஆறு மாதப் பயிற்சியில் நெடும்பயணம் செல்ல முடியும் என்பவரிடம், நன்கொடையாளர்களின் பணத்தோடு மீட்புப் படையினரின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறீர்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. நடையைத் தனியே செய்யலாம். கயாக்கில் மூவராவது வேண்டும், ஒருவர் நீரில் விழுந்தால் ஒருவர் மீட்கவும் மற்றவர் இருவரையும் பாறைப் பக்கம் அடித்துப் போகாமல் இழுத்துப் பிடிக்கவும்.

செலவும் நன்கொடையும்

இந்த ஒப்பீட்டில் பலர் கணக்கிட மறப்பது, கொடுத்த பணத்தில் எவ்வளவு தொண்டுக்குப் போய்ச் சேருகிறது என்பதை. நடைக்குத் தேவையானவை காலணி, பை, கூடாரம், உணவு, தங்குமிடம். சைக்கிளுக்கு வண்டியும் உதிரிகளும், திரும்பி வரும் போக்குவரத்தும் சேரும். கயாக்குக்குப் படகு, நீர் புகாத உலர் உடை, துடுப்புகள், அபாயக் கருவிகள், பயிற்சிக் கட்டணம், படகை ஏற்றிச் செல்லும் வாகனம் என்று பட்டியல் நீண்டு, ஒரு சாதாரணப் பயணி திரட்டக்கூடிய தொகையையே செலவு தாண்டிவிடலாம். அப்படியானால் வீட்டில் இருந்துகொண்டு அந்தப் பணத்தை நேராகக் கொடுத்திருந்தால் நிறுவனத்துக்கு அதிகம் கிடைத்திருக்கும். இந்தக் கேள்வியை யாராவது கேட்பதற்கு முன் பயணியே தன்னைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மறுமொழி ஒன்றுதான்: இரண்டு கணக்கு. பயணச் செலவு முழுவதும் சொந்தக் கையிலிருந்தோ, அதற்கென்றே வெளிப்படையாகக் கேட்டுப் பெற்ற ஆதரவிலிருந்தோ வர வேண்டும். நன்கொடை, பயணியின் வங்கிக் கணக்கைத் தொடாமல் தொண்டு நிறுவனத்துக்கு நேராகப் போக வேண்டும். இணைய நன்கொடைத் தளங்கள் சில கட்டணம் பிடிக்கின்றன, சில கொடுப்பவரிடமே தனியாகக் கேட்கின்றன. தளத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இதை ஒப்பிட்டு, அதை நன்கொடைப் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ‘ஒவ்வொரு காசும் தொண்டுக்கே’ என்று எழுத விரும்புபவர், அந்தக் கட்டணத்தையும் தானே ஏற்றுக்கொண்டால் மட்டுமே அப்படி எழுதலாம். நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த எழுத்துப்பூர்வ அனுமதி பெறுவதும், பணம் ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கா பொது நிதிக்கா என்று கேட்டு வைப்பதும் முதல் மாதத்து வேலைகள். விற்பனையாளர் ஒருவர் கயாக்கை இலவசமாகத் தர முன்வந்தால், அதற்காகக் கயாக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பயிற்சியின் நீளம் அதனால் குறைவதில்லை.

துணை வாகனத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். அது நடப்பவரின் சுமையைக் குறைக்கும், விளம்பரப் பலகையைத் தாங்கும். ஆனால் ஓட்டுநரின் நாள்களும் எரிபொருளும் செலவுக் கணக்கில் ஏறும். வயது, உடல்நிலை ஆகியவற்றால் சுமை தூக்க இயலாதவருக்கு அது தேவை. மற்றவர்களுக்கு வசதி மட்டுமே.

ஒரே மூச்சிலா, தவணைகளிலா

ஏழு வாரம் விடுப்பு இல்லாதவர் உடனே சைக்கிளுக்குத் தாவ வேண்டியதில்லை. அதே நடையை வாரக் கடைசிகளிலும் சிறு விடுப்புகளிலுமாகத் துண்டு துண்டாக ஓராண்டில் முடிக்கலாம். கிறிஸ் லூயிஸ் என்ற முன்னாள் படைவீரர், படைவீரர் குடும்பங்களுக்கான தொண்டு நிறுவனத்துக்காகப் பிரிட்டன் கரையை 2017-இல் நடக்கத் தொடங்கி 2023-இல்தான் முடித்தார். அவர் வீடு திரும்பாமல் நடந்தவர் என்பதால் இது தவணைப் பயணத்துக்கு நேரான எடுத்துக்காட்டு அன்று; ஆனால் ஆண்டுக்கணக்கில் நீளும் பயணத்தையும் மக்கள் பின்தொடர்வார்கள் என்பதற்குச் சான்று. தவணை முறையில் ஒவ்வொரு முறையும் தொடக்க இடத்துக்குப் போய்வரும் செலவு கூடும், ஆர்வமும் நடுவில் தொய்யும். உடல் தேறுவதற்கு நேரம் கிடைப்பதும், தவறான காலணியை அடுத்த துண்டுக்குள் மாற்ற முடிவதும் அதன் ஆதாயங்கள். வேலையும் குடும்பமும் உள்ளவருக்கு, அவசரச் சைக்கிளைவிட இந்த நிதான நடையையே நான் பரிந்துரைப்பேன்.

எந்த முறையாயினும், பாதியில் நின்றுபோகும் வாய்ப்பைத் திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். கனடாவில், புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ், 1980 ஏப்ரல் 12 அன்று தன் செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு, புற்றுநோய் ஆய்வுக்காக நாட்டைக் குறுக்கே ஓடிக் கடக்கத் தொடங்கினார். தொடக்க வாரங்களில் வரவேற்பு குறைவாகவே இருந்தது; ஒன்டாரியோவை அடைந்த பிறகுதான் கூட்டம் திரண்டது. 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் கடந்த நிலையில், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1 அன்று நிறுத்த நேர்ந்தது. அடுத்த கடலை அவர் தொடவில்லை. ஆயினும் 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 41 லட்சம் கனடிய டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. கொடுத்தவர்கள் முடிவுக் கோட்டுக்காகக் கொடுக்கவில்லை என்பதை இது காட்டுகிறது.

சாதாரணப் பயணியின் நிலை அவ்வளவு பெரிதல்ல; முழங்கால் வீங்கலாம், புயல் வரலாம், வீட்டில் ஒருவர் நோயில் விழலாம். நன்கொடைப் பக்கம் திறக்கும் நாளிலேயே இரண்டு செய்திகளை அதில் எழுதிவிட வேண்டும்: பயணம் இடையில் நின்றாலும் வந்த தொகை தொண்டு நிறுவனத்திடமே இருக்கும் என்பது ஒன்று, நிறுத்துவது பற்றிய முடிவை யார் எடுப்பார் என்பது மற்றொன்று. நடையிலும் சைக்கிளிலும் அந்த முடிவைப் பயணியே எடுக்கலாம். கயாக்கில் மட்டும், இன்று இறங்க வேண்டாம் என்று மூவரில் எவர் ஒருவர் சொன்னாலும் மற்ற இருவரும் வாதமின்றி ஏற்பது என்ற உடன்பாட்டைப் புறப்படும் முன்பே செய்துகொண்டு, அதைத் தொண்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும்.